ரோட்டுல 5ஜி, கல்லாவுல 4ஜி: சிம் மாத்தணுமா?

துறையூர் ஜெராக்ஸ்:
வணக்கம். துறையூர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். பட்டா சிட்டா எடுக்குறது, வருமானச் சான்றுக்குப் பதியுறது எல்லாமே போன் ஹாட்ஸ்பாட்லதான். போன மாசம் 5ஜி போன் வாங்கினேன். கடை வாசல்ல ரோட்டுல நின்னா 5ஜி காட்டுது, கல்லாவுல வந்து உக்காந்தா 4ஜி. இன்னொரு கூத்து, சாயங்காலம் ஆனா ரோட்டுலயும் 5ஜி வர்றதில்ல. பையனுக்கும் அதே கம்பெனி சிம்தான், அவனுக்கு ராத்திரி பத்து மணிக்கும் அங்க வருது. கஸ்டமர் கேர்ல மூணு தடவையும் ஒரே பதில், "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்". புது சிம் வாங்கணுமா?

பீளமேடு பாலு:
சிம் மாத்த வேண்டியதில்லைங்க. 2022 அக்டோபர் 1 அன்னைக்கு இங்க 5ஜி தொடங்கினப்பவே ஜியோ, ஏர்டெல் ரெண்டும் பழைய 4ஜி சிம்லயே ஓடும்னுதான் சொன்னாங்க. "5ஜிக்கு சிம் அப்கிரேட் பண்றோம்"னு யாராச்சும் கூப்பிட்டு ஓடிபி கேட்டா போனைக் கட் பண்ணிருங்க, பணம் போயிரும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டைப் 5ஜி ஆட்டோல இருக்குதுங்களா?

துறையூர் ஜெராக்ஸ்:
இருக்குங்க. பையன்தான் வெச்சுக் குடுத்தான்.

டவர் ஏறுறவன்:
கடைக்குள்ள வராததுக்குக் காரணம் போன் இல்ல சார், சுவரு. 5ஜி வேகம் பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையிலதான். அது கான்கிரீட்டைக் கண்டா சுருண்டுரும். 700 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும், 2022 அலைக்கற்றை ஏலத்துல அதை எடுத்தது ஜியோ மட்டும்தான். ஆனா அதுல டேட்டா போற பாதையோட அகலம் கம்மி, 3300 அளவுக்கு வேகம் எதிர்பார்க்காதீங்க. உங்க கடை ஒட்டுக் கட்டடமா? வாசல் ஒரு பக்கம்தானா?

துறையூர் ஜெராக்ஸ்:
ஆமா சார், மூணு பக்கமும் சுவரு. சரி, சாயங்காலக் கதைக்கு என்ன சொல்றீங்க?

பாளையங்கோட்டை அண்ணாச்சி:
சாயங்காலம் பேட்டரி எவ்வளவு கெடக்கும் தம்பி?

துறையூர் ஜெராக்ஸ்:
நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் ஓடுதுல்ல, அஞ்சு மணிக்கே 20 சதவீதத்துக்கு வந்துரும். ஏன் அண்ணாச்சி?

பாளையங்கோட்டை அண்ணாச்சி:
அதாம்ல விஷயம்! பேட்டரி சேவர் தன்னால ஆன் ஆவுதான்னு பாரும். நெறைய போன்ல அது முதல்ல கை வைக்கிறதே 5ஜிலதான். என் மருமவன் போன்லயும் இதே கூத்து, ரெண்டு மாசம் டவரைத் திட்டிக்கிட்டே திரிஞ்சான்.

துறையூர் ஜெராக்ஸ்:
அண்ணாச்சி, கண்டுபிடிச்சிட்டீங்க! 20க்குக் கீழ போனா தானா ஆன் ஆகுற மாதிரி இருந்துச்சு. அணைச்சிட்டு ரோட்டுக்குப் போனேன், ஒரு நிமிஷத்துல 5ஜி வந்துருச்சு.

பீளமேடு பாலு:
என்ன பிளான் போட்டிருக்கீங்க? தினம் 1.5 ஜிபின்னா 5ஜில மத்தியானமே தீர்ந்துரும். 2024 ஜூலைல கட்டணம் ஏத்தினப்ப, அன்லிமிடெட் 5ஜியை தினம் 2 ஜிபியும் அதுக்கு மேலயும் இருக்குற பிளானுக்குன்னு ஆக்கிட்டாங்க. அடுத்த ரீசார்ஜுக்கு முன்னாடி ஆப்ல ஒருக்கா பார்த்துக்குங்க.

துறையூர் ஜெராக்ஸ்:
1.5தான் போட்டிருக்கேன், மாத்திடுறேன். கல்லாவுக்கும் வழி பண்ணியாச்சு. ஷட்டர் ஓரம் ஆணியில ஒரு மஞ்சப்பையை மாட்டி, சார்ஜர் ஒயரோட போனை அதுக்குள்ள போட்டுட்டேன். பையில 5ஜி நிக்குது, ஹாட்ஸ்பாட் கல்லா வரைக்கும் வருது. என்ன, போன் அடிச்சா ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க எடுத்துப் பேசிடுறாங்க.