ரெண்டு அருவி தாண்டினால் ஊர்: நாவலில் எழுதிய இடத்தைத் தேடிப் போன அனுபவம்

தான் எழுதிய ஊரைப் பிற்பாடு நேரில் பார்த்தவர்கள் இங்கே பகிரலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பந்தலூர் பக்கம் கொளப்பள்ளியில் பிறந்தவள். எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். அங்கே தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொள்ள, 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. அந்த மக்களில் ஒருவரையும் கேட்காமல் பிரித்த கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒரு தலை அப்பாயி. 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் அதே கூடை, அதே கொழுந்து.

அவர் சொன்னதை வைத்துத்தான் நாவலை எழுதினேன். இலங்கையை நான் பார்த்ததில்லை. லயம் (தோட்டத்து வரிசை வீடு), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்), கங்காணி (ஆட்களை மேய்ப்பவர்), கவ்வாத்துச்சாமி (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிடும் சாமி) என்று சொற்கள் இருந்தன. இடம் இல்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டால் "புதுக்காடு" என்பார். வரைபடத்தில் அப்படி ஒரு தோட்டம் கிடையாது. தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த பெயர் வேறொன்று. அப்பாயிக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்தான். அவர் இறந்த பிறகுதான் நாவல் வெளிவந்தது.

போன பிப்ரவரியில் கிளம்பினேன். கொழும்பு கோட்டையில் பதுளை ரயில் ஏறினேன், நானுஓயாவுக்கு டிக்கெட். நுவரெலியாவில் தங்கி, விசாரித்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். பெட்டி இருட்டானது, பையன்கள் கூவினார்கள். அந்த இருட்டில்தான் அப்பாயி சொன்னது நினைவுக்கு வந்தது. "குகையைத் தாண்டி, ரெண்டு தண்ணி விழுறதப் பாத்ததும் மூட்டையைத் தூக்கிரணும்." கதை சொல்லும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது வழி என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

கொட்டகலை போனது. டெவன் அருவி தெரிந்தது. அப்புறம் சென்கிளேயர். பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்து நின்றுவிட்டேன். தலவாக்கலையில் இறங்கினேன்.

அந்த இரண்டாவது அருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் நாவலில் அது ராத்திரியெல்லாம் இரையும். அதைக் கேட்டுக்கொண்டுதான் பிள்ளைகள் தூங்கும். நான் பார்த்தபோது பாறையில் தண்ணீர் மெலிசாக இறங்கிக்கொண்டிருந்தது. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டியிருக்கிறார்கள். 2012 முதல் ஆற்றின் பெரும்பகுதி மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் போகிறது. அப்பாயி கேட்ட இரைச்சல் இப்போது அங்கே இல்லை. ரயிலிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே த்ரீவீல் ஓட்டும் ஒரு அண்ணனிடம் "புதுக்காடு" என்றேன். "எந்தப் புதுக்காடு தங்கச்சி? பழைய ஆட்கள் நாலஞ்சு இடத்தை அப்படிச் சொல்லுவாங்க" என்றார். சரி, எல்லாவற்றுக்கும் போவோம் என்றேன். முதல் இரண்டில் நான் வண்டியை விட்டே இறங்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

மூன்றாவதில் ரோடு முடிந்து லயத்துக்கு ஏறும் பாதையில் நடந்தேன். வளைவு திரும்பியதும் பள்ளத்திலிருந்து காற்று வந்து இடது காதில் அறைந்தது. என் கை தானாகப் போய்த் துப்பட்டாவை இடப்பக்கம் இழுத்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். அப்பாயி சாகும்வரை முக்காட்டை இடப்பக்கம்தான் இழுத்துவிடுவார். கொளப்பள்ளியில் எந்தத் திசையில் காற்றடித்தாலும் இடப்பக்கம்தான். எங்களுக்கும் அப்படியே போட்டுவிட்டார். நாவலில் அதை நாயகிக்கு ஒரு பழக்கமாக எழுதியிருந்தேன். அழகுக்காக எழுதினேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே பீலிக்கரையில் ஒரு அம்மா குடம் வைத்துக்கொண்டு நின்றார். எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். விவரம் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வா, தேத்தண்ணி குடி" என்று கூட்டிப்போனார். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, அதுதான் காம்பரா; முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. அப்பாயி பெயரைச் சொன்னதற்கு, "அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருந்தாங்க" என்றார். இந்த லயத்திலிருந்து ஒரே நாளில் பல குடும்பங்கள் போனதாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பியிருக்கிறார். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி.

இப்போது நான் தப்பாக எழுதியதைச் சொல்கிறேன். என் நாவலில் நாயகி தன் அம்மிக்கல்லைக் கப்பலில் கொண்டுவருவாள். அப்பாயி சொன்னது அதுவல்ல, "அம்மியப் பக்கத்துக் காம்பராவுல குடுத்துட்டு வந்தேன்" என்பதுதான். கதைக்கு அது சப்பென்று இருக்கிறது என்று மாற்றினேன். அந்த அம்மாவிடம் அம்மியைப் பற்றிக் கேட்டேன். "போனவங்க எல்லாரும் குடுத்துட்டுத்தான் போனாங்க. எங்க இஸ்தோப்புல மட்டும் அஞ்சு அம்மி கிடந்துச்சு. யாரோடது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். இப்போது மூன்று மிச்சம். ஒன்று வாசற்படி ஆகிவிட்டது. ஒன்றில் துணி துவைக்கிறார்கள். ஒன்றில் அன்றைக்குக் காலையில் சம்பல் அரைத்திருந்தார்கள், தேங்காய்ப்பூ ஓரத்தில் ஒட்டியிருந்தது. மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். நடுப்பள்ளம் மூன்றிலும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது.

*

அக்கா, நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். உங்களைப் போல பேர் தெரியாமல் தேடி வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இலங்கைத் தோட்டங்களின் விவரம் அச்சிட்ட பழைய ஃபெர்குசன் டைரக்டரிகளில் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆட்கள் பேசும் பெயர் தெரியாமல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கே வேலை நடக்காது. நூலகத்தில் கிடைத்தால் பாருங்கள், பாதித் தேடல் அங்கேயே முடியும்.

2023-இல் நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருஷம் என்று, முன்னோர் நடந்துவந்த வழியை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நானும் கொஞ்சத் தூரம் சேர்ந்துகொண்டேன். அந்தப் பாதையை நான் முன்பு பார்த்ததே இல்லை. ஆனால் காட்டுப் பக்கம் வந்தபோது என் தாத்தா சொன்ன ஒன்று வாயில் வந்தது. "முன்னால போறவன் காலைப் பார்த்து நட, காட்டைப் பார்க்காதே." அவரும் அதில் நடந்தவர் இல்லை, அவருடைய தாத்தா நடந்தவர். அதனால் உங்கள் கை துப்பட்டாவை இழுத்தது என்று நீங்கள் எழுதியதை நான் முழுசாக நம்புகிறேன்.

*

நான் கோத்தகிரி. எங்களை இன்னும் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் நாவலை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவருக்குப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தவர், அம்மி கப்பலில் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அத எவ தூக்கிட்டு வருவா? அங்கயே குடுத்துட்டுத்தான் வந்தோம்" என்றார். நான்தான் கதைக்காக எழுதியிருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன்.

நேற்று உங்கள் பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று அம்மி வரை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டால் லிந்துலைப் பக்கம் என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது. அதில் ஒன்றாவது மூலை உடைந்து இருந்ததா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார்.