திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளுக்கான வேதபாடம்: ஆலோசனை வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தின் விசுவாசத்தைப் பிள்ளைகள் தாங்களே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் சடங்கு) பெற்று முதல் நற்கருணை எடுத்த பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் வேதபாடம் நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிழையின்றி ஒப்பிக்கும் இவர்கள், வீட்டில் கோபம் பொங்கும்போதும், தேர்வில் தோற்ற நண்பனை மற்றவர்கள் கேலி செய்யும்போதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், தலைகுனிந்து மௌனமாகிவிடுகிறார்கள். நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிவதே பூரண வயதின் அடையாளம் என்று எபிரெயர் 5:14 கூறுவதால், மனப்பாட வசனப் போட்டிகளைக் காட்டிலும் அன்றாடப் பழக்கமே இவர்களுக்கு இப்போது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே 2 பேதுரு 1:5-7 வசனங்களை, விசுவாசத்தில் தொடங்கி அன்புவரை, மாதத்திற்கு ஒரு பண்பாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இச்சையடக்கத்தையும் பொறுமையையும் வாரந்தோறும் செய்து பார்க்கும் பயிற்சியாக அமைப்பது எப்படி? பதின்வயதினரிடையே இவ்வாறு ஊழியம் செய்த போதகர்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் பாடக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். குறிப்பாக, பிள்ளைகள் தங்கள் போராட்டங்களைக் கூச்சமின்றிப் பேச எத்தனை பேர் கொண்ட குழு ஏற்றது என்பதையும், பெற்றோரை இதில் எந்த அளவுக்குச் சேர்க்கலாம் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.