பதினொரு வயதுக்குப் புதிதாக வந்த, வரப்போகிற நாவல்கள்: எதைக் கொடுக்கலாம்?

தாழ்வாரம்

என் மகளுக்குப் பதினொரு வயது. கையில் எது கிடைத்தாலும் படிப்பாள், அதுவே இப்போது சிக்கலாகிவிட்டது. மந்திரப் பள்ளிக்கூடம், துப்பறியும் சிறுவர்கள் வகையெல்லாம் தீர்ந்துபோய் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கேட்டாலும் தாங்கள் அந்த வயதில் படித்ததையே சொல்கிறார்கள், இல்லையென்றால் "நல்லா படிக்கிறாளே, பதின்வயதுக்காரர்களுக்கான நாவலைக் கொடுங்கள்" என்கிறார்கள். அப்படி ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இருக்கிற காதலும் வன்முறையும் அவளுக்கு இப்போது தேவையில்லை, அவளுக்கே அதில் ஆர்வமும் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய கதைகள், கடந்த சில வருடங்களில் வந்தவையோ இனி வரப்போகிறவையோ, உங்கள் பிள்ளைகள் படித்து முடித்தவை இருந்தால் சொல்லுங்களேன். ஆங்கிலம் சரளமாகப் படிப்பாள். தமிழிலும் கதை இழுத்தால் கீழே வைக்க மாட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான், தடிப் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடிவிடுவான். அவனுக்கும் ஏதாவது இருந்தால் நல்லது.

அலமாரி_மூன்று

நான் நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், இதே கேள்வி வாரம் தவறாமல் வரும். பதின்வயது நாவலுக்குத் தள்ளிவிடாதீர்கள், நீங்கள் நினைத்ததுதான் சரி. வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு அடுத்த வயதின் புத்தகம் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வயதுக்கென்றே எழுதப்பட்டதில் ஆழமானவை நிறைய இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டுத் தாண்டிப் போனால் பிறகு திரும்பி வந்து படிக்கப்போவதில்லை.

முதலில் நியூபெரி பட்டியலைப் பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 1922 முதல் கொடுத்துவருகிற பதக்கம். 2025-இல் அதை வாங்கியது எரின் என்ட்ராடா கெல்லி எழுதிய 'தி ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங்'. கதை 1999 ஆகஸ்டில் நடக்கிறது. 2000 பிறந்ததும் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். மைக்கேல் என்கிற பையன் அந்தப் பயத்தில் டின்னில் அடைத்த உணவுகளைத் திருடிப் பதுக்கி வைக்கிறான். அவன் எதிரில் இருநூறு வருடம் தாண்டி எதிர்காலத்தில் இருந்து ஒருவன் வந்து நிற்கிறான். இனி என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவனிடம் பயந்த பையன் என்னவெல்லாம் கேட்பான்! காலப் பயணக் கதை என்று எடுத்த பிள்ளைகள் மைக்கேலின் கவலையில் தங்கிவிடுகிறார்கள்.

அதற்கு முந்தைய வருடம் வாங்கியது டேவ் எகர்ஸின் 'தி ஐஸ் அண்ட் தி இம்பாசிபிள்'. கடலோரப் பூங்கா ஒன்றில் யாருக்கும் சொந்தமில்லாமல் வாழ்கிற நாய்தான் கதைசொல்லி. தன்னைப் போல் ஓடுகிறவன் உலகத்தில் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டே ஓடும். அங்கே வேலிக்குள் இருக்கும் காட்டெருமைகளுக்கு அதுதான் கண், பூங்காவில் அன்றன்று என்ன மாறியது என்று போய்ச் சொல்ல வேண்டும். இதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், தம்பியும் வந்து உட்கார்ந்துவிடுவான்.

இன்னொன்று, விருது முத்திரை இருக்கிறது என்பதற்காகவே வாங்கிவிடாதீர்கள். நியூபெரியே பதினான்கு வயதுவரை எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் கார்னகி பதக்கம் அதற்கும் மேலே போகும், 2025-இல் அது கிடைத்த நாவல் வளர்ந்த பதின்வயதுக்காரர்களுக்கானது. பின்னட்டையில் வயது போட்டிருக்கும், பார்த்துவிட்டு எடுங்கள்.

இரவு_வாசகன்

தொடரையே திரும்பப் படிக்கிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது ஒரு புத்தகம் இல்லை, போய்த் தங்க ஒரு உலகம். கேதரின் ரண்டெல் எழுதிய 'இம்பாசிபிள் கிரீச்சர்ஸ்' கொடுங்கள். புராண விலங்குகள் எல்லாம் உயிரோடு இருக்கிற தீவுக்கூட்டம், பறக்க வைக்கும் கோட்டு போட்ட மால் என்கிற சிறுமி, அவளுடைய கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் உள்ள புராண விலங்கு) குட்டி. இரண்டாம் பாகம் 'தி பாய்சன்ட் கிங்' 2025-இல் வந்துவிட்டது. முதல் பாகத்தின் முடிவு கனமானது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்று சொன்னால் கதை கெட்டுவிடும். அவள் முடிக்கிற நேரத்தில் வீட்டில் யாராவது அதைப் படித்தவர்களாக இருந்தால் நல்லது.

ஜெசிகா டவுன்செண்ட் எழுதிய மாயாஜாலத் தொடரான 'நெவர்மூர்' இன்னும் படிக்கவில்லை என்றால் உடனே ஆரம்பியுங்கள். மூன்றாம் பாகம் 2020-இல் வந்தது, நான்காவதான 'சில்வர்பார்ன்' 2025-இல்தான் வந்தது. என் அண்ணன் மகள் மூன்றாவதை முடித்தபோது சின்னப் பிள்ளை, நான்காவது கைக்கு வந்தபோது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், ஆனாலும் ஒரே மூச்சில் முடித்தாள். உங்கள் மகள் கொடுத்துவைத்தவள், நான்கும் வரிசையாகக் கிடைக்கும்.

காத்திருக்கவே பிடிக்காது என்றால் ஏ.எஃப். ஸ்டெட்மனின் ஸ்கந்தர் தொடர். 2022-இல் தொடங்கி ஐந்து பாகமும் வந்துவிட்டன. ஒற்றைக் கொம்புக் குதிரைகளின் கதை என்றதும் வானவில்லும் மினுமினுப்புமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இதில் அவை மூர்க்கமானவை, ரத்தவெறி பிடித்தவை.

சிறு_தாள்

தம்பிக்கு நான் சொல்கிறேன். 'தி வைல்ட் ரோபாட்', பீட்டர் பிரவுன். 2016-இல் வந்தது, 2024-இல் வந்த படத்துக்கு மூலம் இதுதான். புதிது இல்லை, ஆனால் அவனுக்கு ஏன் பொருந்தும் என்றால், மொத்தம் 80 அத்தியாயம், ஒவ்வொன்றும் மூன்று நான்கு பக்கம்தான், நடுவில் படங்கள் வேறு. ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ரோபாட் ஒரு வாத்துக்குஞ்சை வளர்க்கிறது. "இன்னும் ஒரு அத்தியாயம்" என்று அவனே கேட்பான், அத்தியாயம் முடிவது அவன் பொறுமைக்குள் இருக்கிறது. தொடர்ச்சியும் இருக்கிறது.

அப்புறம், சித்திர நாவலைப் படிப்பில் சேர்க்காத பெரியவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020-இல் நியூபெரி வாங்கியது, அந்தப் பதக்கம் சித்திர நாவலுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. புதுப் பள்ளிக்கூடத்தில் எந்தக் கூட்டத்திலும் ஒட்ட முடியாமல் நிற்கிற பையனின் முகத்தை ஒரு கட்டத்துக்குள் காட்டுவது பத்து வரி எழுதுவதற்குச் சமம்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி, குறித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். கடையில் 'தி டீச்சர் ஆஃப் நோமட் லேண்ட்' என்று ஒன்று பார்த்தேன், போர்க்கால ஈரான், பெற்றோரை இழந்த அண்ணன் தங்கை என்று போட்டிருந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இந்த வயதுக்கு அவ்வளவு துயரம் வேண்டுமா?

அலமாரி_மூன்று

எடுங்கள். டேனியல் நயேரி எழுதியது, 2025-இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதில் இளையோர் பிரிவில் வென்றது. 1941-இல் நடக்கும் கதை. பாபக் அப்பாவைப் போல நாடோடி மக்களுக்கு ஆசிரியராகிவிட வேண்டும், தங்கையைப் பிரியக் கூடாது என்று அப்பாவின் கரும்பலகையை முதுகில் சுமந்துகொண்டு கிளம்புகிறான். அந்தப் பலகை ஒன்று போதும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஒளிந்து வாழும் யூதச் சிறுவன், அவனைத் துரத்தும் நாஜி ஒற்றன் என்று விறுவிறுப்பாகவும் போகும், நயேரிக்குச் சிரிக்க வைக்கவும் தெரியும்.

துயரத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. என் அனுபவத்தில் பிள்ளைகள் புத்தகத்தில் சாவு வருகிறது என்பதற்காக மிரளுவதில்லை. கதைக்குள் கைவிடப்பட்டால்தான் மிரளுகிறார்கள், அதாவது எல்லாம் போய்விட்டது, யாரும் வரவில்லை என்று கதை முடியும்போது. நல்ல எழுத்தாளர்கள் இந்த வயதுக்கு எழுதும்போது யாராவது ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள், ஒரு தங்கையோ நாயோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ. கடைசி இருபது பக்கத்தை மட்டும் நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தப் புத்தகம் பிடித்திருந்தால் அதே விருதை 2024-இல் வாங்கிய 'கரீம் பிட்வீன்' பாருங்கள், கவிதை வடிவ நாவல். வரிகள் குட்டையானவை, பக்கம் வேகமாக நகரும்.

ஈரமண்

தமிழுக்கு நான் இரண்டு சொல்கிறேன். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது, ஒரு சிறுவன் கீழடிக் காலத்துக்குள் போய்விடுகிற கதை. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-இல் அதே விருதைப் பெற்றது. காலப் பயணம் பிடிக்கும் என்றால் முதலில் ஆதன்.

வரப்போகிறவற்றுக்கு ஒரு வழி. பெரிய பதிப்பகங்கள் பல மாதங்களுக்கு முன்பே பட்டியலும் அட்டைப்படமும் வெளியிட்டுவிடும், கிர்கஸ், ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் போன்ற இதழ்களில் மதிப்புரையும் புத்தகம் வருவதற்கு முன்பே வந்துவிடும். மகளுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் நான்கைந்து பேரின் பக்கத்தைப் பின்தொடர்ந்தாலே போதும். பிரிட்டன் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு தேதியை மட்டும் கவனியுங்கள். 'இம்பாசிபிள் கிரீச்சர்ஸ்' பிரிட்டனில் 2023 செப்டம்பரில் வந்தது, அமெரிக்காவில் ஒரு வருடம் கழித்து. "இன்னும் வரவில்லை" என்று ஒரு தளம் சொன்னால் மற்ற பதிப்பு ஏற்கெனவே அலமாரியில் இருக்கலாம்.

தாழ்வாரம்

சரி, 'நெவர்மூர்' முதல் பாகம், கரும்பலகைக் கதை, 'ஆதனின் பொம்மை' மூன்றும் அவளுக்கு, ரோபாட் அவனுக்கு. கடைசி இருபது பக்கத்தை இன்றைக்கே நான் படித்துவிடுகிறேன். அவள் எதை முதலில் முடித்தாள் என்று இங்கேயே வந்து சொல்கிறேன்.