ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்: குடும்பக் குழு

ஞாயிறு

பெரியப்பா, இரவு 8:04
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற சனிக்கிழமை அம்மாவுடைய முதலாம் வருட நினைவு நாள். காலையில் ஆலயத்தில் ஜெபம். அன்று ராத்திரி பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் ரோட்டோரம் படுத்திருக்கிறவர்கள் 200 பேருக்குச் சிக்கன் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பொட்டலத்தின் மேல் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அம்மா படம், கீழே மத்தேயு 25:35, ‘பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்’ என்கிற வசனம். டிசைனைப் பாருங்கள்.

(படம்)

சித்தப்பா, 8:06
அருமை அண்ணே. என் பங்கு 5000.

மாமா, 8:09
ஆமென். நான் 3000 அனுப்புகிறேன். ஜிபே நம்பர் பழையதுதானே?

அண்ணன், 8:11
பெரியப்பா, ஸ்டிக்கரில் ‘அன்னியனாய்’ என்று இருக்கிறது. வேதத்தில் ‘அந்நியனாய்’. ந் வரவேண்டும்.

பெரியப்பா, 8:12
டிசைன் பையனிடம் சொல்கிறேன்.

நான், 8:20
பெரியப்பா, ஒன்று சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது.

பெரியப்பா, 8:21
சொல்லு பாப்பா.

நான், 8:27
ஒன்றரை வருடமாக வியாழக்கிழமை ராத்திரிகளில் எங்கள் சபை வாலிபர்களோடு அந்தப் பக்கம்தான் போய்வருகிறேன். டிசம்பரில் அங்கே பிரியாணிக்குப் பஞ்சமே இல்லை. போன கிறிஸ்துமஸ் ராத்திரி நாங்கள் போவதற்குள் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் நாலைந்து பொட்டலம். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, கையில் கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியும்போது பாதி நாய்க்குப் போயிற்று. 27-ஆம் தேதி மழை. அன்றைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை.

நான், 8:28
அப்புறம் அந்த ஸ்டிக்கர். சாப்பிட்டுவிட்டு ஆச்சி முகத்தைக் கசக்கி ரோட்டில்தானே போடுவார்கள்.

மதினி, 8:29
அதை நான் யோசிக்கவே இல்லை 😟

சித்தப்பா, 8:33
பாப்பா, கொடுப்பதையே குறை சொன்னால் எப்படி? சரி, உள்ளதைச் சொல்கிறேன், அவர்களில் பாதிப் பேர் குடிகாரர்கள். நாம் சோறு கொடுத்தால் சோற்றுக் காசு மிச்சம், அது டாஸ்மாக்குக்குப் போகும்.

அத்தை, 8:35
ஏ தம்பி, குடிக்கிறவனுக்குச் சோறு கிடையாது என்றால் நம் வீட்டுக் கல்யாணத்தில் பாதிப் பந்தி காலியாகத்தான் கிடக்கும்.

அண்ணன், 8:35
😂😂

சித்தி, 8:40
சிரிப்பு இருக்கட்டும். மாநகராட்சி இலவசக் காப்பகம் நடத்துகிறதே. ஆஸ்பத்திரி வளாகத்தில்கூட நோயாளியோடு வந்தவர்கள் தங்க இடம் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அங்கே போகாமல் ஏன் ரோட்டில் கிடக்கிறார்கள்?

நான், 8:52
போகிறவர்கள் போகிறார்கள் சித்தி. தனி ஆளுக்கு அது நல்ல இடம்தான். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம். பாரிமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாத்தா, பாட்டி, மகள், அவள் பையன் என்று நாலு பேர். அந்தத் தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ராத்திரி ஒன்றுக்குப் போக பாட்டிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பாட்டி ஒரு காப்பகத்தில், இவர் ஒரு காப்பகத்தில் என்றால் என்ன செய்வார்?

நான், 8:54
இன்னொன்று, வேலை. மூட்டை தூக்குகிறவர் விடியற்காலை 3 மணிக்கு லாரி பக்கத்தில் நிற்க வேண்டும். பஸ் ஏறி வருகிற தூரத்தில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. அவர்களுக்கு நடைபாதையும் வேலை செய்கிற இடமும் ஒன்றுதான்.

தம்பி, 9:01
சட்டப் பரீட்சைக்குப் படித்தது நினைவு இருக்கிறது. 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, அப்புறம் மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்திலும் வந்தது: 1 லட்சம் ஜனத்துக்கு 100 பேர் தங்குகிற ஒரு காப்பகமாவது வேண்டும். சென்னை எல்லைக்குள் 60 லட்சத்துக்கு மேல் ஜனம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2011 சென்சஸ்படி இந்தியா முழுக்க வீடில்லாதவர்கள் 17.7 லட்சம். அது ராத்திரியில் கண்ணில் பட்டவர்களை எண்ணியது.

சித்தி, 9:03
எங்கள் பாலத்துக்கு அடியில் ஒரு பெண் இருக்கிறாள். தனியாகப் பேசுவாள், கல்லெடுத்து எறிவாள். பார்க்கவே பயமாக இருக்கும். அவளுக்கும் பொட்டலம்தானா?

தம்பி, 9:05
இல்லை சித்தி, அவர்களுக்கு வைத்தியம் வேண்டும். 2017 மனநலச் சட்டத்தின்படி அப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பது போலீஸ் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாநகராட்சிக்கு 1913 என்கிற போன் நம்பரில் சொல்லியும் ஆள் அனுப்பக் கேட்கலாம். நாளைக்கு இடத்தைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பெரியப்பா, 9:10
எல்லாரும் படித்தவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள். நான் மளிகைக்கடைக்காரன். அம்மா பேரில் நாலு பேர் வயிறு நிறையட்டும் என்று நினைத்தேன். அது தப்பு என்றால் விட்டுவிடுகிறேன்.

நான், 9:11
ஐயோ பெரியப்பா, அப்படிச் சொல்லவில்லை.

மாமா, 9:19
அண்ணாச்சி, வருத்தப்படாதீர்கள். சண்டே ஸ்கூல் வாத்தியார் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். மத்தேயு 25-ஐ எல்லாரும் ஸ்டிக்கரில் போடுகிறோம். லூக்கா 14-ஐ யாரும் போடுவதில்லை. அங்கே விருந்து பண்ணினால் ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்றுதான் இருக்கிறது. பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடு என்று இல்லை. கூப்பிட வேண்டாதவர்கள் லிஸ்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம் 😄

அத்தை, 9:24
ஊரில் அசன விருந்து நடக்குமே, அண்ணே, மறந்துவிட்டதா? பண்ணையாரும் பனை ஏறுகிறவரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா எப்படிச் சண்டை பிடிப்பாள்.

அத்தை, 9:31
ஏட்டி மருமகளே, உனக்கு ஒன்று சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தி. நம் மெஞ்ஞானபுரம் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆள் படுப்பார். எந்த ஊர், என்ன சாதி, யாருக்கும் தெரியாது. மழைக்கு ஒதுங்க வந்தவர், நாலைந்து வருடம் இருந்தார். சோறு எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள். அம்மா செய்தது வேறு. ஆசாரியைக் கூப்பிட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள், அந்த ஆள் பையை மாட்ட. அதுவரைக்கும் அவர் பகலில் எங்கே போனாலும் பையைத் தோளில் சுமந்துகொண்டே திரிவார். ஆணி அடித்த மறுநாள் கையை வீசிக்கொண்டு நடந்து போனார், நான் பார்த்தேன். அந்தப் பையை நாங்கள் தொட்டால் அம்மாவிடம் அடி விழும்.

அம்மா, 9:33
நான் கல்யாணமாகி வந்தபோதும் அந்த ஆணி இருந்தது. குடை மாட்டுவோம்.

நான், 9:40
அத்தை, இது எனக்குத் தெரியாதே. அங்கே எல்லாருக்கும் முதல் கவலை பைதான். ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதில்தான். ஒரு பெரியவர் பை வாரைக் கணுக்காலில் கட்டிக்கொண்டுதான் படுப்பார். கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது முதலாளிகள் போனார்கள், இவர் போகவில்லை. “எனக்கு இந்தத் தெருதான் தெரியும்” என்றார். என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். சோறு என்று சொல்லவில்லை. காலையில் கக்கூஸ் போக ஒரு இடம், நனையாத ஒரு இடம், அவ்வளவுதான். கட்டணக் கழிப்பறையில் குளிக்கவும் காசு கொடுக்க வேண்டும். பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள்.

தம்பி, 9:44
ஒரு துணுக்கு. வீடில்லாதவர்களும் ஓட்டுப் போடலாம். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற படிவம் 6-ல் படுக்கிற இடத்தை எழுதினால், தேர்தல் ஆபீஸிலிருந்து ராத்திரியில் ஆள் வந்து, அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது. நடைபாதையையும் முகவரி என்று ஒப்புக்கொள்கிற விதி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சித்தப்பா, 9:47
எல்லாம் சரி. ஆனால் கடை வைத்திருப்பவன் கஷ்டமும் உண்டு. காலையில் ஷட்டர் திறக்கும்போது வாசலில் நாலு பேர் படுத்திருந்தால் கஸ்டமர் எப்படி வருவான்? அண்ணன் கடை வாசலிலும் இதே கதைதானே.

பெரியம்மா, 9:49
அதனால்தான் உங்கள் அண்ணன் ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் படி மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். அதையும் ஸ்டிக்கரில் போடலாமா?

(9:49-க்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. எல்லாருக்கும் நீல டிக் விழுந்திருந்தது.)

அப்பா, 10:01
நேரமாகிவிட்டது. எல்லாரும் ஜெபம் பண்ணிப் படுங்கள்.

திங்கள்

மாமா, காலை 5:10
இன்றைய வாக்குத்தத்தம் 🌹 (படம்)

மாமா, 5:14
நேற்று தூக்கம் வரவில்லை. இரட்சணிய சேனையை (சால்வேஷன் ஆர்மி) ஆரம்பித்த வில்லியம் பூத் ஐயா நினைவு வந்தது. 1887 கடைசியில் ஒரு ராத்திரி லண்டன் பாலத்தைக் கடந்து வந்தவர், மேலே ஆட்கள் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, காலையில் முதல் வேலையாக மகனிடம் ஏதாவது செய் என்று சொன்னாராம். அடுத்த வருடம் இரட்சணிய சேனையின் முதல் தங்குமிடம் திறந்தது. எங்கள் வடசேரியில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போயிருப்பேன், இந்தக் கதையை ஒரு நாளும் யோசித்தது இல்லை.

பெரியப்பா, 6:02
கடை திறக்க வந்தேன். நேற்று ராத்திரி தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு பெரியவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, சாக்கை மடித்து, தான் படுத்த இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டுப் போகப் பார்த்தார். இருங்கள் என்றேன். பயந்துவிட்டார்.

பெரியப்பா, 6:03
காலில் கயிறு கட்டியிருந்தார் பாப்பா. நீ சொன்ன மாதிரி.

நான், 6:04
பெரியப்பா 🙏

பெரியப்பா, 6:09
ஏழு வருடமாக அந்தத் தெருவில்தான் இருக்கிறாராம். என் கடையில் பீடியும் பன்னும் வாங்கியிருக்கிறார். எனக்கு முகம் தெரியவில்லை.

பெரியம்மா, 6:11
டீ வாங்கிக் கொடுத்தீர்களா?

பெரியப்பா, 6:11
கொடுத்தேன்.

புதன்

பெரியப்பா, இரவு 7:30
சனிக்கிழமை விஷயம். சபைப் பள்ளிக்கூட ஹாலைக் கேட்டேன். பரீட்சை நடக்கிறது, தர முடியாது என்றார்கள். உண்மைக் காரணம் வேறு என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை, அதை வருகிற கமிட்டியில் பேசுகிறேன். கடைக் குடோனில் முன் பாதியைக் காலி பண்ணியிருக்கிறேன். பாய் விரித்து 30 பேர் உட்காரலாம். பின்னால் பாத்ரூம் இருக்கிறது, குழாயை மாற்றியாகிவிட்டது. வாழை இலைக்குச் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டார் எல்லாரும் அதே பந்தியில்தான் உட்கார வேண்டும். பரிமாறிவிட்டு நிற்கிற வேலை வேண்டாம்.

சித்தப்பா, 7:34
200 பேர் 30 ஆகிவிட்டதே. என் 5000?

பெரியப்பா, 7:36
மிச்சப் பணத்துக்கு இரும்பு லாக்கர் ஒன்று பார்த்திருக்கிறேன். பழைய சாமான் கடையில், 12 கதவு. குடோன் வாசல் பக்கம் வைக்கலாம். காலை 6 முதல் ராத்திரி 9 வரை கடை திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

மதினி, 7:37
சாவி தொலைந்தால்?

பெரியப்பா, 7:38
தொலையும். இரண்டாவது சாவி என்னிடம் இருக்கும்.

அண்ணன், 7:40
ஸ்டிக்கர் 200 அடித்துவிட்டார்களே பெரியப்பா.

பெரியப்பா, 7:41
கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொள்கிறேன். விடு.

அத்தை, 7:45
நானும் மாமாவும் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம். அண்ணே, மெனு என்ன? மட்டனா சிக்கனா?

பெரியப்பா, 7:46
பாப்பா நாளைக்குப் போவாளே, அவர்களிடமே கேட்டுச் சொல்லட்டும். அந்தப் பெரியவரையும் சேர்த்துக் கேள்.

வியாழன்

நான், இரவு 11:20
கேட்டேன் பெரியப்பா. சின்னப் பையன்கள் சிக்கன் 65 வேண்டும் என்கிறார்கள். கண் தெரியாத தாத்தாவுக்கு மீன், முள் எடுத்துக் கொடுத்தால். கயிறு கட்டின பெரியவர் மட்டும் எதுவும் வேண்டாம் என்று ரொம்ப நேரம் சொன்னார். அப்புறம் மெல்லச் சொல்கிறார், பல் இல்லையாம், ரசம் சாதம் போதுமாம். கொஞ்சம் குழைவாக, சூடாக.

பெரியம்மா, 11:22
ரசம் நான் வைக்கிறேன்.