ஒரே மாயாவி புத்தகத்துக்கு மூன்று பேரிடம் மூன்று விலை. எதை நம்புவது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

வணக்கம் நண்பர்களே. ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை. சித்தப்பா சேர்த்து வைத்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் ஒரு தகரப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கிறது. எண்பதுகளுக்குப் பிந்தியவை கிட்டத்தட்ட முழுசாக உண்டு. எழுபதுகளின் முத்து காமிக்ஸில்தான் ஓட்டை. முக்கியமாக 1972இல் வந்த முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' இல்லை.

மூன்று இடத்தில் விசாரித்தேன்.

பொள்ளாச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 1,200 ரூபாய் சொல்கிறார்கள். நேரில் பார்த்தேன். அட்டையின் கீழ் மூலை கிழிந்திருக்கிறது, முதுகில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது.

சென்னையில் ஆன்லைனில் விற்பவர் ஒருவர் 4,500 என்கிறார். முன்னட்டைப் படம் ஒன்றுதான் அனுப்பினார். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. தபால் செலவு தனி, திருப்பி எடுக்க மாட்டாராம்.

எர்ணாகுளத்தில் ஒரு சேட்டன் தனியாகத் தரமாட்டேன், இருபது புத்தகமும் சேர்த்து 9,000 என்கிறார். அதில் பாதி மலையாள இந்திரஜால் காமிக்ஸ்.

மூன்று பேரும் 'இது முதல் இதழ், ஒரிஜினல்' என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் அடிமாட்டு விலை, ஒருவர் யானை விலை குதிரை விலை. தமிழ் காமிக்ஸுக்கு விலைப்பட்டியல் என்று ஏதாவது இருக்கிறதா? எதை வைத்து ஒப்பிடுவது?

உக்கடம் வாசி

தம்பி, விலையை அப்புறம் பார்க்கலாம். மூன்றும் ஒரே புத்தகம்தானா? அது தெரியாமல் 1,200 பெரிதா 4,500 பெரிதா என்று கணக்குப் போட்டுப் பயனில்லை.

மாயாவி கதைகள் முத்து காமிக்ஸ் வெளிவரும் சிவகாசியிலிருந்து எத்தனை தடவை மறுபதிப்பாக வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். முத்து காமிக்ஸிலேயே வந்தது, காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் வந்தது, 2012க்குப் பிறகு பெரிய அளவில் நல்ல தாளிலும் வந்தது. கடைசியில் சொன்னதை யாரும் பழசு என்று விற்க முடியாது, கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். சிக்கல் நடுவில் வந்தவைதான். அதே மாதிரி சாணித்தாள், அதே மாதிரி சின்ன அளவு. முன்னட்டைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம்.

சென்னைக்காரரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: பின்னட்டை, உள்ளட்டை இரண்டும், பதிப்பக முகவரி இருக்கும் பக்கம், கடைசிப் பக்கம், நடுப்பக்கத்தில் பின் அடித்த இடம். நிஜமாகவே 4,500 மதிப்புள்ள புத்தகம் வைத்திருப்பவர் ஆறு படம் எடுக்கச் சலித்துக்கொள்ள மாட்டார். சலித்துக்கொண்டால் அதுவே பதில்.

விளம்பரப் பக்கங்களை விடாதீர்கள். கதைப் பக்கத்தை அப்படியே திரும்ப அச்சடிப்பார்கள். விளம்பரம் மட்டும் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப மாறும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்கோடு முறையே 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. முத்து முதல் இதழ் அந்த வருஷ ஜனவரியில் வந்துவிட்டது.

பழைய பேப்பர்

உக்கடம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. நீங்கள் கேட்டு வாங்கிய மூன்றும் 'சொல்கிற விலை'. எனக்குத் தேவை 'போன விலை'. ஒரு புத்தகத்துக்கு எவனும் பத்தாயிரம் என்று எழுதி ஒட்டலாம். ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தால் பத்தாயிரம் அதன் விலை இல்லை.

விலைப்பட்டியல் கேட்டீர்கள். அமெரிக்காவில் இருக்கிறது. ஓவர்ஸ்ட்ரீட் என்பவரின் விலைக் கையேடு 1970 முதல் வருகிறது. சிஜிசி என்ற நிறுவனம் 2000இலிருந்து புத்தகத்தைப் பார்த்து 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருகிறது. அதனால் அங்கே 8.5 என்றால் வாங்குபவனும் விற்பவனும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். சூப்பர்மேன் முதலில் வந்த 1938ஆம் வருஷத்து ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், அந்த 8.5 மதிப்பெண் வாங்கிய பிரதி, 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தச் செய்தியைக் காட்டி நம்ம ஊரில் விலை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தமிழில் அப்படிப் பட்டியல் கிடையாது. 'நல்ல நிலை' என்பது அவரவர் வாய்க்கு வந்தபடி. ஆகவே போன விலையை நாமே பொறுக்கி எடுக்க வேண்டும். முகநூல், வாட்ஸப் குழுக்களில் ஏலம் விடும் பழைய பதிவுகளைத் தேடி, கடைசியாக யார் எவ்வளவுக்குக் கேட்டு முடிந்தது என்று பாருங்கள். இபேயில் என்றால் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு பைத்தியங்கள் ஒரே ராத்திரி போட்டி போட்டால் அன்றைக்கு விலை எங்கேயோ போய்விடும்.

மூட்டைக்காரன்

நான் கோயமுத்தூரில் பழைய புத்தக வியாபாரம் செய்கிறவன். எல்லோரும் வியாபாரியைத் திருடன் மாதிரியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

வீடு காலி செய்கிறவர்கள் மூட்டையாகப் போடுவார்கள். அதில் முக்கால்வாசி பழைய கைடு, வாரப் பத்திரிகை. மறுபடி எடைக்குத்தான் போகும். எப்போதாவது ஒரு முத்து காமிக்ஸ் கிடைக்கும். அதை விற்கும் வரை இராமபாணப் பூச்சி அரிக்காமல், மழையில் நனையாமல், எலி கடிக்காமல் காப்பாற்ற வேண்டும். கடை வாடகை வேறு. நான் 3,000க்கு விற்க நினைக்கும் புத்தகத்தை 1,000க்கு மேல் கொடுத்து வாங்க மாட்டேன். அதனால் யாரும் வியாபாரி விற்கும் விலையைப் பார்த்துவிட்டு 'என்னிடம் இருப்பதற்கும் அவ்வளவு கொடு' என்று வந்து நிற்காதீர்கள். வாங்கும் விலையும் விற்கும் விலையும் எந்தத் தொழிலிலும் ஒன்றாக இருக்காது.

இன்னொன்று. கடையில் நேரில் பார்த்து வாங்கும் விலையில் உங்களுக்கு ஆபத்து இல்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லித் தபாலில் அனுப்புகிறவர், ஆபத்து முழுவதையும் உங்கள் தலையில் கட்டுகிறார். நியாயமாகப் பார்த்தால் அவர் விலைதான் குறைவாக இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கிறதே, யோசியுங்கள். தபால் செலவும் முன்னைப் போல இல்லை. மலிவாகப் போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றுபோனது.

பொள்ளாச்சிப் புத்தகத்தில் செல்லோடேப் என்றீர்கள். கிழிசலை மன்னிக்கலாம், டேப்பை மன்னிக்க முடியாது. பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும், எடுக்கப் போனால் அச்சும் கூடவே வரும். அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள், கடைக்காரருக்கும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மூட்டைக்கார அண்ணே, உங்களைச் சொல்லவில்லை, கோபிக்காதீர்கள்.

சென்னைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகு படங்கள் அனுப்பினார். பின் உள்ளட்டையில் லயன் காமிக்ஸுக்குச் சந்தா கட்டச் சொல்லி விளம்பரம் இருக்கிறது! லயன் தொடங்கியதே 1984. பின்கோடும் இருக்கிறது. ஆக, இது 1972 பிரதி இல்லை. 'அப்படியா, எனக்கு இப்படித்தான் கொடுத்தார்கள்' என்று பதில் போட்டார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பதற்குள் போகவில்லை. மறுபதிப்புக்கான விலை சொல்லுங்கள் என்றேன், இன்னும் பதில் இல்லை.

எர்ணாகுளத்துக்காரர் படங்கள் அனுப்பிவிட்டார். அட்டை விலை பைசாவில் இருக்கிறது, முகவரியில் பின்கோடு இல்லை, லயன் பேச்சே இல்லை. ஆனால் ஓரம் ரொம்ப நேராக வெட்டினாற்போல் இருக்கிறது. சில பக்கங்களில் ஓரத்துப் பேச்சுக் குமிழில் எழுத்து பாதி காணோம். அச்சுப் பிழையா?

உக்கடம் வாசி

அச்சுப் பிழை இல்லை, பைண்டிங். அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு புத்தகத்தைச் சேர்த்து அட்டை போட்டுத் தைத்து, மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டிவிடுவார்கள். வாடகை நூலகங்களில் இது சகஜம். பிறகு யாரோ பிரித்துத் தனித்தனியாக ஆக்கியிருக்கிறார்கள். முதுகுப் பக்கம் பின்னுக்குப் பக்கத்தில் வரிசையாக ஊசித் துளைகள் இருக்கும், படம் கேளுங்கள்.

அளந்தும் பார்க்கலாம். உங்களிடம் உள்ள அதே காலத்து முத்து காமிக்ஸ் ஒன்றை ஸ்கேலால் அளந்து, அவரையும் அளக்கச் சொல்லுங்கள். உயரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் குறைந்தால் வெட்டியதுதான். கதை படிக்கக் கவலையில்லை. ஆனால் வெட்டுப்பட்ட பிரதிக்கு முழுப் பிரதியின் விலை கொடுக்கக் கூடாது. என் கணக்கில் வெட்டிய ஒரிஜினல் எப்படியும் பாதிக்குக் கீழே இறங்கும். இங்கே சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

செங்கோட்டை பாசஞ்சர்

நான் ஒப்புக்கொள்ளாதவன். முதல் இதழே கிடைப்பதில்லை, இதில் ஓரம் வெட்டியது, முத்திரை குத்தியது என்று பார்த்தால் கடைசி வரை பெட்டியில் ஓட்டையோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் புனலூர், கொல்லம் பழைய பேப்பர் கடைகளில் தமிழ்ப் புத்தகம் தலைகாட்டுவதே அபூர்வம். வெட்டியதோ வெட்டாததோ, பக்கம் எல்லாம் இருந்தால் எடுத்துவிடுவேன். பக்கம் எண்ணுவதை மட்டும் மறக்காதீர்கள். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று போனால் நாலு பக்கம் ஒன்றாகப் போய்விடும். கதை ஓட்டத்தில் அது உறுத்தாமலும் போகலாம்.

பாலக்காட்டு அக்கா

தம்பி, அந்த 9,000 ரூபாய் லாட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? மொத்த விலையை இருபதால் வகுத்து 450 என்று நினைக்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது எத்தனை, அவற்றைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு கொடுப்பீர்கள், அதை மட்டும் கூட்டுங்கள். மீதிப் புத்தகங்களை யாரிடமாவது தள்ளிவிட முடியுமா என்பது இரண்டாவது கணக்கு.

எல்லைப் பக்கத்தில் இருப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. இந்திரஜால் 1964 முதல் 1990 வரை ஆங்கிலம், இந்தி மட்டுமில்லாமல் தமிழ், மலையாளம் என்று பல மொழிகளில் வந்தது. அதில் வந்த வேதாளத்தை (ஃபேண்டம்) மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள் அதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். அதே ஆட்கள் தமிழ் இதழைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கடைகளில் தமிழ்ப் புத்தகம் சல்லிசாகக் கிடைப்பதும், பொள்ளாச்சியில் மலையாளப் புத்தகம் மூலையில் கிடப்பதும் அதனால்தான். எர்ணாகுளத்துக்காரருக்கு மலையாளத்தின் விலை தெரிந்திருக்கும், தமிழின் விலை யாரோ சொல்லிக் கேட்டதாக இருக்கும். லாட்டில் எது எவ்வளவு என்று அவரையே பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். தமிழுக்கு அதிகம் போட்டிருந்தால் அங்கேதான் பேரம்.

மலையாள இந்திரஜால் எந்தெந்த எண்கள்? எனக்குச் சில வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அக்கா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். மாயாவிக்கு 4,000, மற்ற தமிழ் இதழ்கள் ஒன்பதுக்கு 2,000, மலையாளம் பத்துக்கு 3,000 என்று பிரித்தார். ஊசித் துளைப் படத்தையும் அளவையும் அவருக்கே காட்டி, ஓரம் வெட்டியது என்று சொன்னேன். 'அது ஞான் ஸ்ரத்திச்சில்லா' (நான் அதைக் கவனிக்கவில்லை) என்றார். மாயாவியை 2,200க்கு இறக்கி, மொத்தம் 7,200 என்று நிற்கிறார். பக்கங்களை எண்ணி வீடியோ எடுத்து அனுப்பியும் விட்டார், முழுசாக இருக்கிறது.

நேற்று கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய்க் கடையிலும் பார்த்தேன். அதில் ஓரம் வெட்டவில்லை, பின்கோடு இல்லை, விலை பைசாவில்தான். ஆனால் முதுகு முழுக்க டேப், நடுத்தாள் காணோம். 1,200லிருந்து 900க்கு வருகிறார்.

மூட்டைக்காரன்

நடுத்தாள் இல்லாததற்கு 900 அதிகம். 500 சொல்லிப் பாருங்கள், உதிரிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். எர்ணாகுளம் லாட்டை எடுங்கள். பணத்தைப் பாதி முன்னால், பாதி புத்தகம் கைக்கு வந்து எண்ணிப் பார்த்த பிறகு என்று பேசுங்கள். வந்ததும் உடனே தகரப் பெட்டிக்குள் போடாதீர்கள். கொச்சி ஈரக்காற்றில் இருந்த புத்தகம். பூச்சியோ பூஞ்சையோ இருந்தால் சித்தப்பா பெட்டி மொத்தமும் போய்விடும். தனியாக நிழலில் ஆற வைத்து, துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சரி அண்ணே, பாதி பாதிக்குச் சேட்டன் சம்மதித்துவிட்டார். அக்கா, மலையாள இந்திரஜால் பத்தின் அட்டைப் படங்களும் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்ன 3,000த்துக்கே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எதுவும் வேண்டாம். இரண்டு இதழில் பின்னட்டை இல்லை, அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாலக்காட்டு அக்கா

பார்த்தேன். பின்னட்டை இல்லாத இரண்டைக் கழித்து எட்டுக்கு 2,400 தருகிறேன். கூரியர் வேண்டாம், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.