கிப் ரிவர் சாலையில் சைக்கிள்: இன்னும் மனதை விட்டுப் போகாத சந்திப்பு எது?

கடைசிச்சக்கரம் (பெர்த்)

சாலையைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி மண்சாலை, டெர்பி பக்கமிருந்து குனுனுரா பக்கம், 660 கிலோமீட்டர், போன ஜூலை. எட்டுப் பேர், இரண்டு வண்டி. ஒன்று சாப்பாட்டோடு முன்னால் போய்விடும். இன்னொன்று கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும். கடைசி ஆள் நான்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

மவுண்ட் பார்னெட் கடை தாண்டி எல்லன்பிரே பண்ணை போகிற நீளப் பகுதியில், ஒரு மதியம், புதர்ப் பக்கம் ஒதுங்கினேன். சீட் வெயிலில் சுடுமே என்று சைக்கிளையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய் நிழலில் சாய்த்தேன். அதுதான் தப்பு. நான் முன்னால் போயிருப்பேன் என்று நினைத்துப் பின்வண்டி என்னைக் கடந்து போய்விட்டது. நான் வெளியே வந்தபோது புழுதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. போனும் எடுக்காது. சரி, பிடித்துவிடலாம் என்று மிதித்தேன். ஒரு வளைவு திரும்பினால் நடுச்சாலையில் காளை.

திமில். கழுத்திலிருந்து தொங்குகிற அலைதாடி. சாம்பல் உடம்பு, தோள்பட்டையில் மட்டும் கறுப்பு. எங்கள் தாத்தா வீட்டுத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்ததுபோல நின்றது. பிராமன் என்கிற இந்த மாட்டினத்தின் முன்னோர் நம் நாட்டு ஓங்கோல், கிர் போன்ற மாடுகள்தான் என்பதும், அமெரிக்கா போய்க் கலந்து 1933இல் ஆஸ்திரேலியா வந்தது என்பதும் நான் அப்புறம் படித்தது. அந்த நிமிஷம் தோன்றியது ஒன்றுதான்: அட, இது நம்ம ஊர் மாடு.

இறங்கினேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே கிட்டே போனேன். தாத்தா செய்கிற மாதிரி நாக்கை அண்ணத்தில் தட்டி ஒலி எழுப்பினேன். "ஹேய், போ, ஒதுங்கு" என்று தமிழில் சொன்னேன். இரண்டு காதும் என் பக்கம் திரும்பின. நான்கு எட்டுத் தூரம் இருக்கும். மூக்கின் ஈரத்தில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. மூக்கணாங்கயிறு இல்லை. கயிறு போன துளைகூட இல்லை. அதை அப்போதுதான் கவனித்தேன். கயிறு என்றால் என்னவென்றே தெரியாத மாட்டிடம் நான் கயிற்றைப் பிடித்த பேரன் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதுகு சில்லிட்டுப் போனது. இன்றும் அந்த மூக்குதான் கண்ணில் நிற்கிறது. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

டார்வின் அண்ணை

தம்பி, உயிரோடு வந்து எழுதுகிறீர், சந்தோஷம். இனி மாட்டோடு சொந்தம் கொண்டாடாதேயும்.

என்னுடையது பென்டகோஸ்ட் ஆறு, அந்தச் சாலை தண்ணீருக்குள்ளேயே கடக்கிற இடம். ஏழெட்டு வருடம் ஆகிறது. பின்னேரம், காக்பர்ன் மலைத்தொடர் முழுக்கச் செம்மண் நிறத்தில் எரிகிற நேரம். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் இல்லை. அடியில் கல்லுத் தெரிகிறது. எங்கள் வழிகாட்டி ஒரு மெலிந்த பெண்பிள்ளை. சைக்கிள் எல்லாம் ட்ரக்கில் ஏறட்டும், ஆட்களும் ஏறட்டும் என்றா. எனக்கு விசர் வந்தது. நான் காசு கட்டினது சைக்கிள் ஓட, ட்ரக்கில் குந்தியிருந்து ஆறு பார்க்க இல்லை. அப்படியே சொல்லியும் போட்டேன். அவ திருப்பிக் கதைக்கவில்லை, பேசாமல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நின்றா.

அந்தக் கோபத்தோடே கடவைக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, குனிந்து கையுறை இரண்டையும் அலசினேன். செம்புழுதி கரைந்து ஓடினது. பிழிந்துகொண்டு நிமிர்ந்தால், வலப்பக்கம் இரண்டு எட்டில், சேற்றுக்கரையில் ஒரு வழுக்கல். ஒரு ஆளைப் படுக்கவைத்து இழுத்த அகலம். இரண்டு பக்கமும் நகம் பதிந்த குழி. அந்தக் குழிகளுக்குள் தண்ணீர் இன்னும் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.

முதலையை நான் காணவே இல்லை. கண்டிருந்தால் கதை முடிந்திருக்கும், நாலு பேருக்குச் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அந்தக் குழிகள் நிரம்பினதுதான் இன்னும் நித்திரையில் வருகிறது. கையுறை ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. எடுக்கவில்லை.

வரகூரான் (கோவை)

இப்படிப் பயங்காட்டியே ஆட்களை ட்ரக்கில் ஏற்றிவிடுகிறார்கள். நான் அதே ஆற்றை ஆகஸ்டில் ஓட்டியே கடந்தேன். கணுக்கால் தண்ணீர், உருண்டைக் கல், ஒரு நிமிஷ வேலை. எங்களோடு வந்த பத்துப் பேரும் ஓட்டினார்கள். வீடியோ இருக்கிறது.

முதலைக்காகப் பயப்படுகிறவர்கள் விஞ்சானா கோர்ஜ் என்கிற ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பாருங்கள். மணல் திட்டில் இருபது முப்பது படுத்துக் கிடக்கும். பக்கத்துப் பாதையிலேயே நடந்து போனேன். ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. அவ்வளவுதான், வாலைக்கூட அசைக்கவில்லை. என் சந்திப்பு அதுதான். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே நடக்கவில்லை.

டார்வின் அண்ணை

வரகூரான், விஞ்சானாவில் படுத்திருக்கிறது நன்னீர் முதலை. ஒடுங்கின மூஞ்சி, மீன் தின்னுகிற சாதி. நீங்கள் மிதிக்காவிட்டால் அதுவும் உங்களைச் சட்டை செய்யாது. பென்டகோஸ்டில் இருக்கிறது உப்புநீர் முதலை, அது ஐந்து மீட்டரையும் தாண்டி வளரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் பிழை. எங்கள் வடக்குப் பிரதேசத்திலும் 1971இல் வேட்டையை நிறுத்தின பிறகு பெருகினவை. அந்த முதலைகள் கரையோரம் மனுஷர் ஒவ்வொரு நாளும் எங்கே இறங்குகினம் என்று பார்த்து வைத்திருக்கும் என்று இங்கே சின்னப்பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். பத்துப் பேர் ஓட்டினீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, நல்லது. அதை மற்றவருக்கு வழிகாட்டலாக எழுதாதேயும்.

கியர்மணி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். நான்காம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிருந்தன. கூடாரத்தில் பக்கத்தில் படுத்த ஜெர்மன்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. விரல் மரத்ததற்குக் காரணம் காரகேஷன், மண்சாலையில் குறுக்காக விழுகிற சின்னச் சின்ன மேடுபள்ளம். தகரக் கூரைமேல் ஓட்டுகிற மாதிரி வரிவரியாக, நாள் முழுக்க. உள்ளங்கையின் ஓரத்தில் போகிற நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தி அழுந்தி வீங்கிவிடுகிறது. எல்லோரும் ஷாக்கைக் குறை சொல்கிறார்கள். தப்பு டயர் காற்றில். 2.4 அங்குல டியூப்லெஸ் டயருக்கு, 75 கிலோ ஆளுக்கு, 22 பிஎஸ்ஐ சுற்றிப் போதும். கடையில் அடித்துக் கொடுக்கிற 35ஐ வைத்துக்கொண்டு இந்தச் சாலைக்கு வந்தால் கை மட்டுமில்லை, பல்லும் ஆடும். புல்டஸ்ட் வருகிற இடத்தில் இன்னும் இரண்டு குறைக்கலாம். அந்தப் புழுதி முகப்பவுடர் மாதிரி; பள்ளத்தை மூடி மேலே சமமாகக் காட்டும். முன்சக்கரம் உள்ளே போன பிறகுதான் ஆழம் தெரியும்.

ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் நீல நிறத் திரெட்லாக் (கழலாமல் பிடிக்கிற பசை) போடுங்கள். முக்கியமாக பாட்டில் கேஜ், தண்ணீர் பாட்டிலைச் செருகுகிற கூடு. முதல் கழலுவது அதுதான். செயினுக்கு எண்ணெய் வேண்டாம், மெழுகு வகை போடுங்கள். எண்ணெயில் புழுதி ஒட்டினால் உப்புத்தாள்.

தண்ணீர் விஷயத்தில் பெரிய தப்பு நடக்கிறது. வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், உளறல். ஆளைப் பார்த்தால் வெயில் தாக்கியது போலவே இருக்கும். இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். ஒரு பாட்டிலில் உப்புக் கரைசல், ஒன்றில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திசை. டெர்பியிலிருந்து கிளம்பாதீர்கள். வறண்ட பருவத்தில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசும், 660 கிலோமீட்டரும் முகத்தில் அடிக்கும். குனுனுராவில் தொடங்கினால் முதுகில் தள்ளும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

உப்புமா ரைடர்

யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை மணி அண்ணா. 😀

திரெட்லாக் பற்றி ஒன்று. ஊறுகாய் பாட்டிலுக்கும் அதைப் போட்டிருக்க வேண்டும். அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய். சாப்பாட்டு வண்டியில் வைத்திருந்தேன். இமின்ட்ஜி வருவதற்குள் காரகேஷன் மூடியைத் தானாகவே திருகிக் கழற்றிவிட்டது. நல்லெண்ணெய் முழுவதும் கீழே இருந்த ஸ்வாக் பைக்குள், அதாவது சுருட்டி வைக்கிற படுக்கைக்குள். பை யாருடையது? அறுபத்தெட்டு வயது நியூசிலாந்துப் பாட்டியுடையது. அன்று ராத்திரி ஒரு வார்த்தை திட்டாமல் அதற்குள்ளேயே படுத்தார். காலையில் மிச்சமிருந்த துண்டை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இன்றுவரை தெரியவில்லை.

தென்றல் (பெர்த்)

மூன்று நாள் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் வண்டியில் ஏறினவள். முழுதாக ஓட்டினவர்கள் இந்த விஷயத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியும். எங்கள் குழுவிலும் ஒருவர் ஒவ்வொரு ராத்திரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, யார் யார் எத்தனை கிலோமீட்டர் "விட்டார்கள்" என்று கணக்குச் சொல்வார்.

செப்டம்பர் கடைசி. அந்த மாதத்தில் போகக்கூடாது என்று எனக்கும் தெரியும், லீவு அப்போதுதான் கிடைத்தது. பதினொரு மணிக்கே 38 டிகிரி. வியர்வை நின்றுவிட்டது. நான் செவிலி. இன்னொருவருக்கு வியர்வை நின்றிருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். எனக்கு நின்றபோது, இன்னும் ஒரு மேடு, இன்னும் ஒரு மேடு என்று மிதித்துக்கொண்டிருந்தேன். அடி பெருத்த ஒரு போவாப் மரத்தடியில் இறங்கி நின்றவள், மரத்தின் வயிற்றில் நெற்றியை வைத்துச் சாய்ந்தேன். பட்டை குளிர்ச்சியாக இருந்த மாதிரி ஞாபகம்.

பின்வண்டி ஓட்டியவர் பெரிய உடம்புக்காரர், பேச்சே கிடையாது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் தூக்கி ராக்கில் மாட்டினார். ஈரத் துணியை எடுத்து என் கழுத்தில் போட்டார். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, கத்தியால் நான்காக நறுக்கி, டாஷ்போர்டில் வரிசையாக வைத்தார். தோலின் உள்பக்கத்தில் ஐஸ் பொடி ஒட்டியிருந்தது. முதல் துண்டைக் கடித்ததும் அழுதுவிட்டேன். அவர் ரேடியோவை எடுத்து முன்வண்டிக்குச் சொன்னார், "இங்கே எல்லாம் சரி, கொஞ்சம் புழுதி கண்ணில் விழுந்துவிட்டது" என்று. யார் கண்ணில் என்று சொல்லவில்லை.

வழியில் கணக்குக்காரரைக் கடந்தோம். கண்ணாடிக்கு வெளியே அவர் தலையைக் கவிழ்த்து மிதித்துக்கொண்டிருந்தார். முகவலைக்குள் வாய் திறந்திருந்தது. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அவர் அன்றைக்கு என் கணக்கில் எழுதியது 41 கிலோமீட்டர்.

வரகூரான் (கோவை)

தென்றல், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 41 கிலோமீட்டர் வண்டியில் போய்விட்டு கிப் ரிவர் முழுதும் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது இல்லையா?

தென்றல் (பெர்த்)

சொன்னேனா?

டார்வின் அண்ணை

வரகூரான், ஒரு பிள்ளை ஆரஞ்சுக் கதை சொல்லுது. நீர் கிலோமீட்டர் கதைக்கிறீர்.

உப்புமா ரைடர்

கடைசிச்சக்கரம், தலைப்பைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போய்விட்டீர்களே. மாடு ஒதுங்கியதா இல்லையா? முதல் நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிச்சக்கரம் (பெர்த்)

மன்னிக்கவும், வேலை.

ஒதுங்கவில்லை. நான்தான் ஒதுங்கினேன். சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, முகத்தை அதன் பக்கமே வைத்தபடி, பின்னாலேயே நடந்து சாலையை விட்டு இறங்கினேன். ஸ்பினிபெக்ஸ் புல் ஊசி ஊசியாகக் காலில் ஏறியது. கரையான் புற்றுகளைச் சுற்றி ஒரு பெரிய அரைவட்டம் அடித்து, அதற்கு அந்தப் பக்கம் சாலையில் ஏற அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜூலையில் அங்கே ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும், அந்தக் கவலை வேறு.

கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். நான் நாக்கைத் தட்டிக்கொண்டு நின்ற இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. தலை கீழே. மணி சொன்னது சரிதான், முதலில் கழலுவது பாட்டில் கேஜ். என் நீலப் பாட்டில் அங்கே விழுந்து கிடந்தது. உப்புக் கரைசல் பாட்டில். மாடு அதைக் காலால் உருட்டி உருட்டி நக்கிக்கொண்டிருந்தது.

பின்வண்டி தேடிக்கொண்டு திரும்பி வந்தபோது ஓட்டுநர் முதலில் கேட்டது, "தண்ணீர் இருக்கிறதா, பாட்டில் எங்கே?" என்றுதான். ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.