9 கணினிகள், 36 பிள்ளைகள்: பாடவேளையை நியாயமாகப் பங்கிடுவது எப்படி?

குளக்கட்டு:
வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். தரம் 9 இல் 36 பிள்ளைகள். இயங்கும் கணினிகள் 9. பாடவேளையின் 40 நிமிடங்களில், பிள்ளைகள் வரிசையில் வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, கணினிகள் இயங்கத் தொடங்குவதற்குள் 10 நிமிடம் போய்விடுகிறது. மிகுதி 30 நிமிடத்தை நால்வருக்குப் பிரித்தால் தலைக்கு ஏழரை நிமிடம்.

அந்த ஏழரை நிமிடமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதே என் கவலை. வீட்டில் மடிக்கணினி உள்ள ஓரிருவரும், தமையன்மாரின் கைபேசியில் பழகியவர்களும் சுட்டியைப் பிடித்தால் விடுவதில்லை. மற்றவர்கள், அவர்களில் அநேகர் பெண்பிள்ளைகள், பின்னால் நின்று கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். தவணைப் பரீட்சையில் கூடிய புள்ளி எடுப்பவர்களும் அவர்களே, ஏனெனில் வினாத்தாளுக்கு விடை எழுதக் கணினி தேவையில்லை. ஆகவே புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் இந்தக் குறை தெரியப்போவதில்லை. பின்னேரம் மறித்துப் படிப்பிக்கவும் வழியில்லை. 2 மணி பஸ்ஸை விட்டால் பாதிப் பிள்ளைகள் நடந்துதான் வீடு சேர வேண்டும். இதே நிலையில் உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாலைப்பழம்:
ரீச்சர், நான் கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறேன். நால்வரை ஒரு கணினியின் முன் நிறுத்துவதை முதலில் விடுங்கள். 18 பேர் இருவர் இருவராகக் கணினியில் இருக்கட்டும். மற்றைய 18 பேரும் மேசையில், செய்யும் படிகளை வரைந்து காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படமோ, 0, 1 மட்டுமே வரும் துவித எண் கணக்கோ செய்யட்டும். 15 நிமிடத்தில் இடம் மாறலாம். தலைக்குக் கிடைப்பது அதே ஏழரை நிமிடந்தான், கணக்கு மாறாது. ஆனால் ஒருவர் விசைப்பலகையில் இருக்கும்போது மற்றவர் அடுத்த படியைச் சொல்ல வேண்டும் என்று விதித்தால், சும்மா நிற்பவர் எவரும் இல்லை. தெரிந்த பிள்ளை வாயால் மட்டுமே உதவலாம், கை வைக்கக் கூடாது. என் வகுப்பில் இந்த ஒரு விதியை நிலைநிறுத்தவே ஒரு தவணை சென்றது.

கிழமைக்கு 2 பாடவேளை இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைக்கும்படி நேரசூசி போடுபவரிடம் கேளுங்கள். 80 நிமிடத்தில் ஒருமுறைதான் அந்த 10 நிமிடம் வீணாகும். தலைக்கு 15 நிமிடத்துக்குப் பதிலாகப் பதினேழரை நிமிடம் வரும்.

மாங்குளத்தான்:
ஆர்வம் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதில் என்ன தவறு? எல்லோரும் கணினித் துறைக்கா போகப்போகிறார்கள்?

நெடுங்கேணி அம்மா:
ஆர்வம் இருக்கிறதா என்று தெரிவதற்கே முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், அண்ணா. என் மகளுக்குப் பார்வை குறைவு. அவள் கணினிக்கூடத்தில் இரண்டு வருடம் பின்வரிசையில் இருந்தாள். ஆர்வமில்லாத பிள்ளை என்றே எழுதப்பட்டாள். விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும் என்பதைப் பிறகு வந்த ஓர் ஆசிரியைதான் காட்டினார். அதற்குக் காசு எதுவும் தேவைப்படவில்லை. முழுதாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் உண்டு. அதனுடன் வரும் குரல் கரகரப்பாக இருந்தாலும் தமிழையும் வாசிக்கும்.

அறிவியல்நகர்த் தம்பி:
உயர்தரத்தில் 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் படித்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பீடத்துக்கு வந்தவன் நான். பீடம் எங்கள் மண்ணில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே முதல் கிழமையில் விசைப்பலகையில் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தவர்களில் வன்னிப் பெடியனான நானும் ஒருவன்.

ரீச்சர், உங்களுடைய 10 நிமிடத்தைத்தான் நான் முதலில் குறைப்பேன். பழைய வன்தட்டைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டால், தொடங்கப் பல நிமிடம் எடுக்கும் கணினியும் ஒரு நிமிடத்துக்குள் தயாராகும். பழுதென்று மூலையில் கிடப்பவற்றையும் திறந்து பாருங்கள்: பல வேளைகளில் செம்மண் தூசியால் ராம் எனப்படும் நினைவகம் சரியாகப் பொருந்தாததோ, மின்வழங்கி எரிந்ததோதான் காரணமாக இருக்கும். இரண்டைப் பிரித்து ஒன்றாக்கலாம். இணையம் இல்லாவிட்டால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, அதிலுள்ள பாடங்களை மற்றவற்றுக்கு உள்வலையமைப்பின் மூலம் கொடுக்கலாம். கணினி அன்பளிப்புச் செய்ய வருபவர்களிடம், மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் கணினியை இயங்கவைக்கும் யுபிஎஸ்ஸும் கேளுங்கள். அதைக் கேட்க எங்கள் ஆட்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

குளக்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. கணித ஆசிரியர் புதன்கிழமைப் பாடவேளையை மாற்றித்தரச் சம்மதித்துவிட்டார். யார் எத்தனை நிமிடம் விசைப்பலகையில் இருந்தார் என்று குறிக்கும் அட்டவணையை இரண்டு பெண்பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறேன். முதல் நாளே ஒருவனைப் பெயர் சொல்லி எழுப்பிவிட்டார்கள். தம்பி, எஸ்எஸ்டி 120 ஜிபி போதுமா? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் விலை சொல்ல வேண்டும்.

அறிவியல்நகர்த் தம்பி:
போதும் ரீச்சர். கழற்றும் வன்தட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஒன்றைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.